எறிதலும் தெரிதலும்: ஆட்டக்களத்தில் தாக்கும் சேதமும் முடிவுறும் முறை

1. முன்னுரை

ஒருவன் மற்றொருவனைத் தாக்குகின்றான் எனின் மூன்று வினாக்கள் எழுகின்றன. அத்தாக்குத் தைத்ததா? தைத்தது எனின், விளைந்த சேதம் எத்துணை? அச்சேதம் மீளத்தக்கதா, மீளாததா? உண்மைக் களத்தில் இவ்வினாக்களுக்கு வேலும் வாளும் உடம்புமே விடையிறுக்கும். ஆட்டக்களத்திலோ குருதி சிந்தாமல் விடை காணவேண்டும். கண்ட விடையை இருதிறத்தாரும் ஒப்புக்கொள்ளவும் வேண்டும். அதன்பொருட்டு வகுக்கப்பட்டனவே ஆட்ட விதிகள்.

தொல்காப்பியர் உவகைக்கு நிலைக்களனாகக் கூறிய நான்கனுள் விளையாட்டும் ஒன்று. ஆயினும், நம் ஆராய்ச்சியுலகில் விளையாட்டுகளின் பெயர்களைத் தொகுத்த அளவிற்கு அவற்றின் விதிகளை ஆராய்ந்தவர் மிகுதியில்லை. பெயர் மட்டும் தெரிந்து விதி தெரியாதபோது, அவ்விளையாட்டை உவமையாகவும் அடையாகவும் ஆண்ட பழம்பாடல்களின் பொருளும் பாதியே விளங்குகின்றது. இக்குறையை ஓரளவு நீக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

விருதுநகர் மாவட்டத்தில் வத்திராயிருப்பை அடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தே அமைந்தது வ. புதுப்பட்டி. அவ்வூரிலும், அணித்தேயுள்ள திருவில்லிபுத்தூர், இராசபாளையம் ஆகிய பகுதிகளிலும், தென்பாண்டி நாட்டின் பிற ஊர்களிற்போலவே, தாயமும் ஆடுபுலியும் திண்ணையிலும் மரத்தடியிலும் ஆடப்பட்டு வந்தவை. வைகுந்த ஏகாதசி இரவில் கண்விழித்திருப்போர் பரமபதம் ஆடுதல் வைணவ இல்லங்களின் வழக்கம். இம்மூன்று ஆட்டங்களோடு, மேலைநாட்டில் தோன்றி இன்று உலகெங்கும் பரவியுள்ள மேசைப் பாத்திர ஆட்டத்தையும் ஒப்பிட்டு, தாக்கும் சேதமும் ஒவ்வொன்றிலும் எவ்வாறு முடிவாகின்றன என்பதை ஈண்டு ஆராய்வோம்.

ஆராய்ச்சிக்கு இரு சொற்களை அளவுகோலாகக் கொள்கின்றோம். ஒன்று எறிதல்; மற்றொன்று தெரிதல். எறிதல் என்னும் சொல் வீசுதலையும் வெட்டி வீழ்த்துதலையும் ஒருங்கே உணர்த்தும். பகடையை எறிவதும் எறிதலே. களிற்றை எறிவதும் எறிதலே. தெரிதல் என்பது ஆராய்தல், தேர்ந்துகொள்ளுதல் என்னும் பொருளது. ‘தெரிந்து செயல்வகை’ எனத் திருக்குறள் ஓர் அதிகாரமே வகுத்துள்ளது. முன்னது ஊழின்பாற் படுவது. பின்னது ஆடுவோன் அறிவின்பாற் படுவது. இவ்விரண்டும் எம்முறையில் வரிசைப்படுகின்றன என்பதே ஓர் ஆட்டத்தின் உயிர்நிலை என்பது எம் கருத்து.

2. நால்வகை ஆட்டங்கள்

2.1 எறிதல் மட்டும்: பரமபதம்

பரமபதத்தில் ஆடுவோர் ஒவ்வொருவர்க்கும் காய் ஒன்றே. கட்டையை உருட்டுகின்றோம், விழுந்த எண்ணின்படி காய் செல்கின்றது. எக்காயை நகர்த்துவது என்னும் வினாவே எழுவதில்லை; ஆகவே தெரிதலுக்கு இடமில்லை. காய் சென்று சேர்ந்த கட்டத்தில் ஏணியின் அடி இருப்பின் ஏற்றம். பாம்பின் வாய் இருப்பின் இறக்கம்.

இங்குத் தாக்குவது யார்? எதிரே அமர்ந்திருப்பவர் அல்லர், ஆட்டப்படமே தாக்குகின்றது. சேதத்தின் அளவும் முன்னரே எழுதப்பட்டுள்ளது. பாம்பு நீளின் சேதமும் நீளும். ஏணி நல்வினைப் பயனையும் பாம்பு தீவினைப் பயனையும் உணர்த்துமாறு படம் எழுதிய மரபினர், ஆடுவோர் ஒருவரையொருவர் நோகாதவாறு ஆட்டத்தை அமைத்தனர். பாம்பு கடித்ததற்காக அண்டை அமர்ந்தவரோடு பூசலிடுவார் இலர். வீடுபேற்றை நினைந்து விழித்திருக்கும் இரவிற்கு இவ்வமைப்புப் பெரிதும் பொருந்துவதே.

2.2 தெரிதல் மட்டும்: ஆடுபுலி

இதற்கு நேர்மாறானது ஆடுபுலி. இதில் கட்டையும் இல்லை, சோழியும் இல்லை. பரவலாக வழங்கும் முறையில் களத்தில் 23 புள்ளிகள் உண்டு; புலி 3, ஆடு 15. ஆடுகளை ஒவ்வொன்றாகக் களத்தில் வைத்தல் வேண்டும். பதினைந்தையும் வைத்து முடிக்கும்வரை வைத்த ஆடுகளை நகர்த்துதல் கூடாது. புலியோ தொடக்கமுதலே நகரலாம். ஓர் ஆட்டிற்கு அப்பால் அதே கோட்டில் உள்ள புள்ளி வெறுமையாக இருப்பின், புலி அவ்வாட்டைத் தாண்டி அங்கே அமரும். தாண்டப்பட்ட ஆடு வெட்டுண்டது. ஆடுகள் புலியை வெட்ட இயலாது. சூழ்ந்து நின்று நகரவொட்டாமல் அடைக்க மட்டுமே இயலும்.

தாக்குத் தைப்பது இங்கு ஐயத்திற்கு இடமின்றி இடத்தாலேயே முடிவாகின்றது. ஆட்டிற்குப் பின்னே மற்றோர் ஆடு நிற்பின் தாக்கு இல்லை. வெற்றிடம் இருப்பின் தாக்குத் தப்பாது. வெட்டுண்ட ஆடு மீள்வதும் இல்லை. சேதத்தின் இயல்பு இவ்வாட்டத்தில் ஊன்றி நோக்கத்தக்கது. ஆடு எதுவும் வெட்டுறாமல் எல்லாம் களம் புகுந்தால், 23 புள்ளிகளில் 18 நிறைந்து, 5 மட்டுமே வெறுமையாக எஞ்சும். ஓர் ஆடு வெட்டுறின் வெற்றிடம் ஆறாகும். அதாவது, ஆட்டின் பக்கத்தார் ஒரு காயை இழப்பதோடு, புலி உலவுவதற்கு ஓர் இடத்தையும் கூட்டித் தருகின்றனர். ஒரு தாக்கால் இரட்டைச் சேதம் விளைகின்றது. முதல் ஆட்டை இழக்கும்போது தோன்றும் கேடு சிறிதாகக் காணப்படினும், பின்வரும் கேடுகளுக்கு அது வாயில் திறப்பதன் காரணம் இதுவே.

புலியும் ஆடும் ஆற்றலில் ஒவ்வா, எண்ணிக்கையிலும் ஒவ்வா, சேதப்படும் வகையிலும் ஒவ்வா. ஆட்டிற்குச் சேதம் வெட்டு; புலிக்குச் சேதம் அடைப்பு. 2021ஆம் ஆண்டில் திருவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகம் என அறிவிக்கப்பெற்ற மலைக்காட்டின் அடிவாரத்தில் ஆடு மேய்க்கும் மக்களுக்கு இவ்வொவ்வாமை கற்பனை அன்று, கண்கூடு. நேபாளத்தில் வழங்கும் பாக்சால் என்னும் ஆட்டத்தில் 25 புள்ளிகளும் 4 புலிகளும் 20 ஆடுகளும் உள்ளன. எண்கள் வேறுபடினும் வெட்டும் அடைப்பும் ஆகிய இரு சேதங்களும் அங்கும் இவ்வாறே அமைந்துள்ளன.

இவ்வாட்டத்தில் தோற்றவர் ஊழைப் பழிக்க வழியில்லை. ஒவ்வோர் இழப்பும் தாம் தெரிந்து செய்த, அல்லது தெரியாது செய்த, செயலின் விளைவே.

2.3 எறிந்தபின் தெரிதல்: தாயம்

தாயத்தில் எறிதலும் தெரிதலும் கூடி நிற்கின்றன. நாற்பக்கமுடைய நீண்ட பித்தளைக் கட்டைகள் இரண்டு. ஒவ்வொரு கட்டையின் பக்கங்களும் முறையே வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என்னும் புள்ளிகளை உடையன. ஒன்றும் வெறுமையும் சேர்ந்து விழுந்தால் தாயம். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு ஆகியவை விழுந்தால் மீண்டும் எறியும் உரிமை உண்டு. கட்டை கிடையாதவிடத்துச் சோழியும், ஒருபுறம் தேய்த்த புளியங்கொட்டையும் பயன்படும்.

நான்கு பக்கங்களும் ஒத்த வாய்ப்புடன் விழுவன எனக் கொள்ளின், இரு கட்டைகளும் விழும் வகைகள் 16. அவற்றுள் தாயம் 2 வகையாலும், இரண்டு 3 வகையாலும், மூன்று 4 வகையாலும், நான்கு 3 வகையாலும், ஐந்து 2 வகையாலும், ஆறும் பன்னிரண்டும் ஒவ்வொரு வகையாலும் விழும். மீண்டும் எறியும் உரிமை தரும் வகைகள் 16இல் 6 ஆகும்.

தாயம் விழுந்தாலன்றிக் காய் களத்தில் இறங்காது. தாயம் என்னும் சொற்கு வழிவழி வரும் உரிமைப்பங்கு என்னும் பொருளும் உண்டு. களம் புகும் உரிமையைத் தரும் எண்ணுக்கு அப்பெயர் வாய்த்தது பொருத்தமாகவே உள்ளது. இறங்கிய காய் புறவரிசைக் கட்டங்களைச் சுற்றி, உள்வரிசையிற் புகுந்து, நடுவை அடைந்தால் பழம். வழியில் பகைக்காய் நிற்கும் கட்டத்தில் நம் காய் சரியாகச் சென்று சேர்ந்தால் அதனை வெட்டலாம். குறுக்குக்கோடு இட்ட கட்டம் மலை எனப்படும். மலைமேல் நிற்கும் காயை வெட்டுதல் ஆகாது. வெட்டுண்ட காய் களத்தை விட்டு நீங்கி, மீண்டும் தாயம் விழுந்த பின்னரே புகும். வெட்டியவர்க்கு மேலும் ஓர் எறிவு கிட்டும். பல ஊர்களில், ஒரு வெட்டேனும் வெட்டாதவரின் காய் உள்வரிசையிற் புகலாகாது என்னும் விதியும் உண்டு.

இவ்விதிகளை முன்கூறிய வினாக்களோடு பொருத்திக் காண்போம். தாக்குத் தைப்பதற்கு எண் சரியாக அமைதல் வேண்டும். ஒன்று மிகினும் குறையினும் தைக்காது. ஓர் எறிவை மட்டும் கருதின், மூன்று கட்டம் முன்னே நிற்கும் காய் வெட்டுண்ணும் வாய்ப்பு 16இல் 4. ஆறு கட்டம் முன்னே நிற்கும் காய்க்கு 16இல் 1. ஆகவே ‘எதிரிக்கு அணித்தே நிற்றல் இடர், சேய்மையில் நிற்றல் காப்பு’ என்று பொதுவாகக் கூறுதல் பொருந்தாது. ஒரு கட்டம் முன்னே நிற்பது, மூன்று கட்டம் முன்னே நிற்பதினும் காப்புடையது. அதற்கு வாய்ப்பு 16இல் 2 மட்டுமே. கணக்கை ஏட்டில் எழுதாமலேயே திண்ணையில் ஆடும் முதியோர் இதனை அறிந்திருத்தலைக் காணலாம்.

எனினும் கட்டை கூறுவது எண்ணை மட்டுமே. அவ்வெண்ணை எக்காய்க்கு வழங்குவது என்பதை ஆடுவோரே முடிவு செய்கின்றார். ஒருவர் ஐந்தும், மீண்டும் எறிந்து மூன்றும் பெற்றார் எனக் கொள்வோம். அவர்தம் முதற்காய்க்கு ஐந்து கட்டம் முன்னே பகைக்காய் நிற்கின்றது. இரண்டாம் காய்க்கு ஐந்து கட்டம் முன்னே மலை உள்ளது. ஐந்தை முதற்காய்க்கு வழங்கின் வெட்டு. இரண்டாம் காய்க்கு வழங்கின் காப்பு. இரண்டையும் ஒருங்கே பெற இயலாது. இங்குத்தான் ஆட்டத்தின் சிக்கலும் சுவையும் பிறக்கின்றன. எறிதல் முன்னே முடிந்துவிட்டது. தெரிதல் பின்னே நிற்கின்றது. எனவே வெட்டுண்டவர் வெட்டியவரை நோக்கி, ‘வேறு காயை நகர்த்தியிருக்கலாமே’ என்று கூறும் உரிமையுடையவராகின்றார். வெட்டியவர், ‘கட்டை அப்படி விழுந்தது’ என்று தப்பிக்க முடியாது. தாய ஆட்டத்தில் உறவினரிடையேயும் ஊடலும் பூசலும் மிகுவதன் காரணம் இவ்வரிசையே ஆகும்.

2.4 தெரிந்தபின் எறிதல்: பாத்திர ஆட்டம்

எறிந்தபின் தெரிதல் ஒரு வகையாயின், தெரிந்தபின் எறிதல் எஞ்சிய வகையாகும். அதற்குத் தெளிவான சான்று மேலைநாட்டு மேசைப் பாத்திர ஆட்டம். 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் இவ்வகைக்கு முன்னோடி. இதன் மூதாதையர் போர்ப்பயிற்சி ஆட்டங்கள். பிரஷ்யப் படை அலுவலர் ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட போராட்டத்தில், நிலப்படத்தின்மேல் படைகளை நகர்த்தி, மோதலில் நேரும் இழப்பைப் பகடையாலும் அட்டவணையாலும் நடுவர் முடிவு செய்வார்.

பாத்திர ஆட்டத்தில் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரை ஏற்கின்றனர். ஆட்டநடத்துநர் ஒருவர் கதைக்களத்தையும் பகைவரையும் தம் பொறுப்பில் கொள்வார். இவ்வாட்டத்தில் ஆளப்படும் கருத்துகளைத் தாக்கெறிவு, காப்பெண், சேத எறிவு, உயிர்ப்புள்ளி என்னும் சொற்களால் யாம் வழங்குவோம்.

ஆடுவோர் முதலில் தம் செயலைக் கூறவேண்டும்: இன்ன பகைவனை இன்ன படைக்கலத்தால் தாக்குகின்றேன் என்பது. தெரிதல் அத்துடன் முடிந்தது. பின்னர் இருபது முகமுடைய பகடையை உருட்டித் தம் திறனுக்குரிய எண்ணைக் கூட்டுவர், இது தாக்கெறிவு. கூட்டுத்தொகை பகைவனின் காப்பெண்ணுக்கு நிகராகவோ மேலாகவோ இருப்பின் தாக்குத் தைத்தது. காப்பெண் 15, திறனெண் 5 எனின், பகடையில் 10 முதல் 20 வரையுள்ள பதினோரெண்களுள் ஒன்று விழவேண்டும். வாய்ப்பு 20இல் 11. தைத்தபின் மற்றொரு பகடையை உருட்டிச் சேதத்தை அறிவர். இது சேத எறிவு. எண்முகப் பகடையோடு 3 கூட்டும் வாளாயின், சேதம் 4 முதல் 11 வரை அமையும். அதனைப் பகைவனின் உயிர்ப்புள்ளியிற் கழிப்பர். 20 உயிர்ப்புள்ளி உடையவன் 8 சேதம் உற்றால் எஞ்சுவது 12.

1974இல் வெளிவந்த முதல் விதிகளில் எப்படைக்கலத்திற்கும் அறுமுகப் பகடையே சேதம் கூறியது. படைக்கலந்தோறும் வெவ்வேறு பகடை என்பது 1975இல் வெளிவந்த இணைப்பு நூலால் பரவியது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, உயிர்ப்புள்ளி முற்றும் தீர்ந்த கதைமாந்தர் உடனே இறப்பதில்லை. பெரும்பாலும் உணர்விழந்து வீழ்வர். பின்னர்த் தம் முறை வருந்தோறும் இருபது முகப் பகடையை உருட்டுவர். 10ம் அதற்கு மேலும் நலம். அதற்குக் கீழ் கேடு. மூன்று நலம் முந்தின் உயிர் நிலைக்கும். மூன்று கேடு முந்தின் உயிர் நீங்கும்.

தாயத்தில் ஒரே எறிவு தாக்கையும் நடையையும் ஒருங்கே உணர்த்த, இங்கு மூன்று வினாக்களுக்கும் மூன்று எறிவுகள் தனித்தனியே விடை கூறுகின்றன. தைத்ததா என்பதற்குத் தாக்கெறிவு; எத்துணை என்பதற்குச் சேத எறிவு; மீளுமா என்பதற்கு இறுதி எறிவு. ஆடுவோர் துணிவு ஒன்றாகவும் விளைவு மற்றொன்றாகவும் முடிதல் இங்கு இயல்பு. துணிந்தவர் தாம், தவறியது பகடை. ஆகவே இவ்வாட்டத்தில் தோல்வி இழிவன்று. கதையின் ஒரு திருப்பமாகக் கொள்ளப்படும்.

3. சேதத்தை அளக்கும் கோல்: எண்ணும் இடமும்

சேதம் என்னும் வடசொல்லின் மூலப்பொருளும் வெட்டு என்பதே. ஆயினும் வெட்டை அளக்கும் கோல் ஆட்டந்தோறும் வேறுபடுகின்றது. பாத்திர ஆட்டத்தில் சேதம் எண்ணால் அளக்கப்படுகின்றது. புண் மார்பிலா முதுகிலா என்று பொதுவிதி வினவுவதில்லை. உயிர்ப்புள்ளி ஒன்று எஞ்சியிருப்பினும் வீரன் முழு ஆற்றலுடன் பொருவான்.

தாயத்தில் சேதம் இடத்தால் அளக்கப்படுகின்றது. அப்போதுதான் இறங்கிய காயை இழத்தலும் பழத்திற்கு அண்மையில் நிற்கும் காயை இழத்தலும் விதியளவில் ஒன்றே. இரண்டும் ஒரு வெட்டு. இழப்பளவிலோ வானும் மண்ணும் போன்றவை. வெட்டுண்டது காயன்று, அக்காய் நடந்த நடை. காய் மீண்டும் வரும், நடை வாராது.

சேதத்தை இடத்தால் அளக்கும் இந்நோக்குத் தமிழர்க்குப் புதிதன்று. புறப்பாடல்கள் புண்ணின் எண்ணிக்கையையோ ஆழத்தையோ முதன்மையாகக் கருதவில்லை. அது பட்ட இடத்தையே கருதின. முகத்திலும் மார்பிலும் பட்டது விழுப்புண், புகழ் தருவது. முதுகிற் பட்டது புறப்புண்; நாணம் தருவது. வெண்ணிப் போரில் கரிகாலனொடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன், மார்பிற் பாய்ந்த வேல் முதுகையும் ஊடுருவியதனால் நாணி வடக்கிருந்த வரலாற்றைப் புறநானூற்றின் 65, 66ஆம் பாடல்கள் கூறுகின்றன. அவன் உற்ற புண் ஒன்றே. உயிர்ப்புள்ளிக் கணக்கில் அது ஒரு கழித்தல். புறத்திணைக் கணக்கில் ஒரு வாழ்வின் முடிவு. விழுப்புண் படாத நாள்களை வீரன் வீண்நாள்களாக எண்ணுவான் என்னும் குறட்கருத்தும் இந்நோக்கின் வழிப்பட்டதே. இங்குச் சேதமே ஈட்டமாகின்றது. இத்தகைய மதிப்பீட்டைக் கழித்தற்கணக்கு ஒன்றால் மட்டும் காட்டுதல் அரிது.

4. வல்லும் கவறும்

இதுகாறும் கண்ட பாகுபாடு பழம்பாடல்களைப் பயில்வார்க்கு எவ்வாறு பயன்படும் என்பதை இனிக் காண்போம். வல், கவறு, சூது என்னும் சொற்களை ஒருபொருட் கிளவிகளாகக் கொண்டு கடந்துபோதல் மாணவரிடை வழக்கம். வல் என்பதற்குச் சூதாடு கருவி என உரையாசிரியர் பொருள் கூறியதே இதற்குக் காரணம். ஆனால், அச்சொற்கள் ஆளப்பட்ட சூழல்களை நோக்கின் வேறுபாடு புலனாகின்றது.

தொல்காப்பியம் எழுத்ததிகாரத்துப் புள்ளிமயங்கியலில் வல் என்னும் சொல்லின் புணர்ச்சி கூறப்படுகின்றது. நாய், பலகை என்னும் சொற்கள் வருமொழியாகும்போது வல்லுநாய், வல்லுப்பலகை என்றும், உகரம் கெட்டு அகரம் நிற்க வல்லநாய், வல்லப்பலகை என்றும் வரும் என்பது விதி. நாய் என்பது ஈண்டு ஆட்டக்காய். கிரேக்கரும் தம் பலகையாட்டம் ஒன்றின் காய்களை நாய் என்றே வழங்கினர் என்பது ஒப்புநோக்கத்தக்கது. ஆகவே வல் என்பது காயும் பலகையும் உடைய ஆட்டம் என்பது இலக்கணத்தாலேயே பெறப்படும். காய் பலவாயின், எதனை நகர்த்துவது என்னும் தெரிதலும் உடன் பிறக்கும்.

இனி, வல் ஆடுவோர் யாவர்? புறநானூறு 52ஆம் பாடலிலும் அகநானூறு 377ஆம் பாடலிலும் அவர் நரைத்த முதியோர், ஆடுமிடம் பொதியில். அகப்பாடல், நடுங்கும் தலையைத் தாழ்த்தி, இருகிளையாய்ப் பிரியும் மனத்தோடு அவர் ஆட்டத்தில் ஆழ்ந்திருத்தலைக் குறிக்கின்றது. அப்பிரிவை வெற்றியோ தோல்வியோ என்னும் ஐயமாகவும் கொள்ளலாம். எனினும், இக்காயா அக்காயா என்று ஆராயும் தெரிதலாகக் கொள்ளின், தலைதாழ்த்திப் பலகையை நோக்கும் நிலைக்கு அது பெரிதும் இயைகின்றது. கட்டையை உருட்டுவோன் கண் கையின்மேல் நிற்கும். காயைத் தெரிவோன் கண் பலகையின்மேல் நிற்கும்.

கவறு வரும் இடங்களோ வேறு. கலித்தொகை 136ஆம் பாடல், நண்டு ஓடிய மணல்வரிகளைக் கழகத்தில் கவறு உருண்ட வடுவிற்கு ஒப்பிட்டு, தலைவியின் மகிழ்வையும் துயரையும் எறிவில் வென்றவன், தோற்றவன் ஆகியோரின் மனநிலைகளோடு பொருத்துகின்றது. அங்கு எறிதலே உண்டு, தெரிதல் இல்லை. தலைவன் வருவதும் வாராமையும் தலைவியின் கையில் இல்லை. ஆதலின் அவ்வுவமை நுண்ணிது. திருக்குறளின் சூது அதிகாரமும் கவறு, கழகம், ஆயம் என்னும் சொற்களையே ஆள்கின்றது. வல் என்னும் சொல் அவ்வதிகாரத்தில் இல்லை. மாறாக, கல்லாமை அதிகாரத்தின் முதற்குறள், அரங்கு இழைக்காமல் வட்டாடுதலை நூலறிவின்றி அவையிற் பேசுதற்கு உவமையாக்குகின்றது. அங்கே பழிக்கப்பட்டது ஆட்டம் அன்று. ஆட்டத்தின் ஒழுங்கு இன்மையே. பொருள் இழக்கும் எறிவாட்டத்தைக் கடிந்தவர், களம் வகுத்து ஆடும் ஆட்டத்தைக் கடியவில்லை என்று ஒருவாறு துணியலாம்.

வல்லாடும் பலகையையும் கவறாடும் கழகத்தையும் ஒன்றெனக் கருதுவார்க்குப் புறநானூற்று 52ஆம் பாடலின் உருக்கம் எட்டாது. மருதன் இளநாகனார், கூடகாரத்துத் துஞ்சிய மாறன் வழுதியை அதிற் பாடுகின்றார். இரை வேட்டு எழுந்து, தான் விரும்பிய திசையிற் செல்லும் புலியின் காட்சியோடு பாடல் தொடங்குகின்றது. அவனைப் பகைத்தோர் நாடு என்னாகும் என்பதோடு முடிகின்றது. பாழ்பட்ட பொதியிலில், முதியோர் நெடுங்காலம் காய் வைத்து ஆடியதனாற் குழிந்த பலகையில், காட்டுக்கோழி முட்டையிடும் என்பது அம்முடிவு.

புலவர் அந்நாட்டின் சேதத்தை எதனால் அளந்தார்? இறந்தோர் எண்ணிக்கையைக் கூறவில்லை. எரிந்த ஊர்களை எண்ணவில்லை. ஆட்டம் நின்றுபோன ஓரிடத்தைக் காட்டினார். அக்குழி ஒருநாளில் விழுந்ததன்று. தலைமுறை தலைமுறையாகத் தெரிந்து தெரிந்து வைத்த காய்களால் விழுந்தது. பலகைமேல் வெட்டுண்ட காய் மறுநாளும் களம் புகும். உண்மைப் போரில் வெட்டுண்ட ஊர் மீளாது. மீளும் சேதத்திற்கென அமைந்த பலகை மீளாச் சேதத்திற்குச் சான்றாகிக் கிடத்தலே அப்பாடலின் அவலம். வல் என்பதைச் சூது என்று மட்டும் கொண்டால், சூதாடிகள் ஒழிந்தனர் என்பதற்கு மேல் அங்கு இரக்கம் பிறக்க இடமில்லை.

5. முடிவுரை

இதுவரை கூறியவற்றால், தாக்கும் சேதமும் முடிவுறும் முறையால் ஆட்டங்கள் நால்வகைப்படும் என்பதும், எறிதலும் தெரிதலும் நிற்கும் வரிசையே அவற்றை வேறுபடுத்துகின்றது என்பதும், அவ்வரிசையைப் பொறுத்தே ஆடுவோர் தம் செயலுக்குப் பொறுப்பேற்கும் அளவும் அமைகின்றது என்பதும் பெறப்பட்டன. வல்லையும் கவறையும் பிரித்துணர இப்பாகுபாடு துணைசெய்தலும் காட்டப்பட்டது.

கீழடியிலும், விருதுநகர் மாவட்டத்து வெம்பக்கோட்டையில் 2022 முதல் நிகழ்ந்த அகழாய்வுகளிலும் ஆட்டக்காய்கள் கிடைத்துள்ளன. மண்ணிலிருந்து காய் கிடைக்கும், விதி கிடைக்காது. விதி ஆடுவோர் நாவில் மட்டுமே வாழ்வது. வெட்டு, மலை, பழம், அடைப்பு ஆகிய சொற்களை ஆட்டத்தின் நடுவே இயல்பாக வழங்கும் முதியோர் இன்னும் நம் ஊர்களில் உள்ளனர். அவர்களோடு அமர்ந்து ஆடும் இளையோர் தொகை குறைந்து வருகின்றது.

ஆகவே, நாட்டுப்புற ஆட்டங்களைத் தொகுக்க முற்படும் மாணவர்க்கு யாம் கூறுவது இது. ஆட்டத்தின் பெயரும் கட்டங்களின் படமும் போதா. எறிதல் முன்னா, தெரிதல் முன்னா? தாக்குத் தைப்பதை முடிவு செய்வது யாது? சேதம் எதனால் அளக்கப்படுகின்றது? வெட்டுண்டது மீளுமா? இந்நான்கையும், இவற்றுக்கு அவ்வூரார் வழங்கும் சொற்களோடு, ஊர்ப்பெயரும் நாளும் குறித்து எழுதிக்கொள்ளுதல் வேண்டும். ஓர் ஊரின் விதி அடுத்த ஊரின் விதியோடு மாறுபடின், எது சரி என்று வழக்குத் தீர்க்க முற்படாமல் இரண்டையும் பதிவு செய்தல் முறை. வ. புதுப்பட்டித் திண்ணையில் கேட்டு எழுதிய ஒரு விதி, சங்கப்பாடல் ஒன்றன் உரையில் தெளிவுறாத ஓரிடத்தைத் தெளிவிக்கக்கூடும்.